உறைந்த தண்ணீர், எரிந்த நகரம்: 1835 நியூயார்க் பெருந்தீயும் அதன் படங்களும்

1835 டிசம்பர் 16 இரவு நியூயார்க்கில் பிடித்த பெருந்தீயைப் பற்றிப் பல படங்கள் உண்டு. அவற்றில் அதிகம் மறுபதிப்பு கண்டது ஒரு அக்வாடின்ட், அதாவது செம்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் படம். வால் தெருவும் வில்லியம் தெருவும் சேரும் முனையில் இருந்த பேங்க் ஆஃப் அமெரிக்கா கட்டடத்தின் உச்சியிலிருந்து பார்த்த காட்சி என்று அதன் தலைப்பே சொல்கிறது. (அந்தப் பழைய நியூயார்க் வங்கிக்கும் இன்று அதே பெயரில் இயங்கும் வங்கிக்கும் தொடர்பில்லை.) நேப்பிள்ஸில் பிறந்த நிக்கோலினோ காலியோ தீட்டிய குவாஷ் (நீரில் கரைத்த கெட்டி வண்ண) ஓவியத்தை வைத்து வில்லியம் ஜேம்ஸ் பென்னட் செம்புத் தகட்டில் செய்து, 1836இல் வெளியானது. வானம் முழுக்கச் செம்மஞ்சள். நடுவில் வணிகர் மாளிகையின் (வணிகர்கள் கூடி வியாபாரம் பேசும் மெர்ச்சண்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச்) குவிமாடம் இன்னும் விழாமல் நிற்கிறது.

இந்தப் படத்தைப் பார்க்கிற எவருடைய கண்ணும் முதலில் தீயில்தான் போய் விழும். அந்த இரவின் முடிவைத் தீர்மானித்தது தீயின் அளவல்ல, தண்ணீர் கிடைத்த விதம். ஆற்றில் தண்ணீர் இருந்தது, தண்ணீர் பீச்சும் கை எந்திரம் இருந்தது, ஆளும் இருந்தார்கள். மூன்றையும் இணைக்கும் வழி உறைந்துபோனது. நகரத் தீ ஒன்றின் பழைய படத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், எரிகிற இடத்தை விட்டுவிட்டுப் படத்தின் கீழ் விளிம்பில் தேட வேண்டும்: குழாய் எங்கிருந்து வருகிறது, எந்திரத்தின் பெட்டியில் தண்ணீர் நிரம்பி வழிகிறதா, ஆட்கள் எப்படி உடுத்தியிருக்கிறார்கள். இந்த ஆய்வு அந்த வழியில்தான் போகிறது.

நடந்தது

இரவு 9 மணி வாக்கில் பேர்ல் தெருவை ஒட்டிய மெர்ச்சண்ட் தெருவில், துணி வணிகக் கிடங்கு ஒன்றிலிருந்து புகை வருவதை இரவுக் காவலர் கண்டார். எரிவாயுக் குழாய் வெடித்து, அணையாமல் கிடந்த அடுப்புக் கனல் பட்டுத் தீப்பிடித்தது என்று பின்னால் நடந்த விசாரணை சொன்னது. அப்போது வெப்பநிலை மைனஸ் 17 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 27 டிகிரி செல்சியஸ். வடமேற்கிலிருந்து புயல் போலக் காற்று. ஒரு கட்டடத்தில் தொடங்கியது சில நிமிடங்களில் தெருவைத் தாண்டியது. வால் தெரு, பிராட் தெரு, கோயன்டீஸ் சிலிப், ஈஸ்ட் ஆறு என்ற நாற்கரத்துக்குள் 17 வட்டாரங்கள் (தெருக்களுக்கு இடைப்பட்ட கட்டடத் தொகுதிகள்) அழிந்தன. கட்டட எண்ணிக்கையாக அதிகம் குறிப்பிடப்படுவது 674. இழப்பு அன்றைய மதிப்பில் சுமார் 2 கோடி டாலர். இறந்தவர்கள் 2 பேர் மட்டுமே. அது குடியிருப்புப் பகுதி அல்ல. கடைகளும் கிடங்குகளும் நிறைந்த, இரவில் வெறிச்சோடிக் கிடக்கும் பகுதி.

வெளிச்சம் பிலடெல்பியா வரை தெரிந்தது. அங்கிருந்த தீயணைப்பாளர்கள் தங்கள் ஊரின் ஓரப் பகுதிதான் எரிகிறது என்று நினைத்துக் கிளம்பினார்கள். பிறகு அந்த ஊரிலிருந்து சுமார் 400 தன்னார்வலர்கள் நியூயார்க்குக்கு உதவிக்கு வந்தார்கள்.

எரிந்தவற்றில் பெரும்பாலானவை புதிதாகக் கட்டிய நான்கு, ஐந்து மாடிக் கிடங்குகள். செங்கல் சுவர், இரும்புக் கதவடைப்பு, சிலவற்றில் செம்புத் தகட்டுக் கூரை. தீ தாங்கும் என்று நம்பப்பட்டவை. அந்த இரும்புக் கதவடைப்பே எதிரியாயிற்று. வெளியிலிருந்து பொறி நுழையாமல் தடுக்க வைத்தது அது. உள்ளே தீ புகுந்ததும் அதே அடைப்பு தண்ணீரையும் ஆளையும் வெளியே நிறுத்திவிட்டது. உள்ளே துணி, பட்டு, காப்பி, தேயிலை, டர்பன்டைன், வெடியுப்பு. உருகிய செம்பு கூரையிலிருந்து சொட்டியது. எரியும் டர்பன்டைன் ஆற்றுப் பக்கம் ஓடி, தண்ணீர்மேல் மிதந்துகொண்டே எரிந்தது.

வணிகர்கள் சரக்கைக் காப்பாற்ற எடுத்த முடிவும் இழப்பைக் கூட்டியது. உறுதியான கல் கட்டடம் என்று நம்பி, மூட்டை மூட்டையாக வணிகர் மாளிகைக்கும் கார்டன் தெருவின் டச்சுத் தேவாலயத்துக்கும் கொண்டுபோய்க் குவித்தார்கள். இரண்டும் எரிந்தன. குவித்த சரக்கு உள்ளே எரிபொருளானது. வணிகர் மாளிகையின் கூடத்தில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் பளிங்குச் சிலை இருந்தது. ராபர்ட் பால் ஹியூஸ் செதுக்கி, அதே ஆண்டில்தான் அங்கே நிறுவியிருந்தார்கள். கடற்படையினர் சிலர் அதை வெளியே கொண்டுவர முயன்றார்கள். முடியவில்லை. குவிமாடம் விடியலுக்கு முன்பு சிலைமேல் இடிந்து விழுந்தது.

பென்னட்டின் படத்துக்கு நேரம் குறிக்க இந்தக் குவிமாடமே போதும். மாளிகையைச் சுற்றித் தீ, குவிமாடம் நிற்கிறது. ஆகவே காட்டப்படும் நேரம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்டது. ஓவியர் நினைவிலிருந்து கூட்டிக் குறைத்திருக்கலாம். ஆனாலும் எந்தக் கட்டம் வரை எரிந்ததைக் காட்ட விரும்பினார் என்பது உறுதியாகத் தெரிகிறது.

தண்ணீர் எங்கே இருந்தது

1835இல் நியூயார்க்கின் மக்கள்தொகை 2,70,000. தீயணைப்புக்கென்று இருந்தது மூன்று வகைத் தண்ணீர். ஒன்று, தெருக்களுக்கு அடியில் கட்டிய நிலத்தொட்டிகள். இரண்டு, 13ஆம் தெருவில் 1829இல் எழுப்பிய உயர்தொட்டியிலிருந்து வந்த வார்ப்பிரும்புக் குழாய்கள். அந்தத் தொட்டியின் கொள்ளளவு சுமார் 2,33,000 கேலன். மூன்று, ஆறு. இரண்டு இரவுகளுக்கு முன்புதான் நகரத்தில் வேறு தீ விபத்துகள் நடந்திருந்தன. தொட்டிகளில் நீர் குறைந்திருந்தது. தீயணைப்பாளர்கள் தூக்கமில்லாமல் சோர்ந்திருந்தார்கள். எஞ்சியது ஈஸ்ட் ஆறு. அது கரையோரம் உறைந்து கிடந்தது.

பனிக்கட்டியில் துளை வெட்டி உறிஞ்சு குழாயை இறக்கினார்கள். அப்போது நீர்மட்டமும் தாழ்ந்திருந்தது. உறிஞ்சு பம்ப் என்பது தண்ணீரை இழுப்பதில்லை. உள்ளே காற்றைக் குறைக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. கணக்குப்படி எல்லை 10.3 மீட்டர். நடைமுறையில் 6 முதல் 7 மீட்டர் கிடைத்தாலே நல்ல பம்ப். பிஸ்டனைச் சுற்றியுள்ள தோல் வளையம் குளிரில் விறைத்துவிட்டால் விளிம்பில் காற்றுப் புகும். அப்போது 4 மீட்டருக்கே பம்ப் திணறும். படகுத்துறையின் மேலிருந்து தாழ்ந்த நீர்மட்டம் வரை உள்ள உயரம் ஒவ்வொரு அடியும் கணக்கில் வரும் என்பதால்தான், பிளாக் ஜோக் என்று பெயர் பெற்ற 33ஆம் எண் எந்திரத்தை அதன் குழுவினர் துறையில் நின்ற ஒரு பிரிக் கப்பலின் (இரண்டு பாய்மரம் கொண்டது) தளத்துக்கே ஏற்றினார்கள். அங்கிருந்து உறிஞ்சி, அடுத்தடுத்த எந்திரங்களுக்குத் தள்ளினார்கள். அந்த இரவில் நன்றாக யோசித்துச் செய்த வேலை அது.

கை எந்திரம் வேலை செய்த விதம்

படங்களில் சக்கரத்தின்மேல் ஒரு பெட்டி போலத் தெரிவதுதான் எந்திரம். பெட்டிக்குள் இரண்டு உருளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன். நெம்புகோல் ஒரு பக்கம் தாழும்போது ஒரு பிஸ்டன் தள்ளும், மற்றது உறிஞ்சும். நடுவில் நிற்கும் செம்புக் குடுவைக்குக் காற்றறை என்று பெயர். தள்ளலுக்கும் தள்ளலுக்கும் இடையே அழுத்தம் விழாமல், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தண்ணீரைத் தொடர்ந்து வெளியேற்றும். அது இல்லாவிட்டால் முனையிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டுத்தான் பாயும். காற்றறையின் மேல் வளைந்து நிற்கும் குழாய்தான் வாத்துக்கழுத்து. நியூயார்க் எந்திரத்தின் அடையாளம் அதுவே. நெம்புகோலின் நீண்ட கைப்பிடிகள் வண்டியின் இரு பக்கவாட்டிலும் நீளவாக்கில் ஓடினால் அது நியூயார்க் பாணி. கைப்பிடி முன்னும் பின்னும் இருந்து, ஆட்கள் இரண்டு அடுக்காக நின்று இயக்கினால் பிலடெல்பியா பாணி. ஓவியத்தில் ஊர்ப் பெயர் அழிந்திருந்தாலும் இதை வைத்து ஊரைச் சொல்லிவிடலாம்.

நெம்புகோலை நிமிடத்துக்கு 60 முறை தள்ளுவது சீரான வேகம். அந்த வேகத்திலும் ஒரு குழு பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால் அதிகம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆள் மாற்ற வேண்டும். வேகமாக ஏறி இறங்கும் கைப்பிடியை ஓடிவந்து பிடிப்பதிலேயே விரல் முறியும், கை ஒடியும். எனவே ஒரு பக்கத்துக்கு 10 பேர் என்று வைத்தாலும், மாற்று ஆள் சேர்த்து ஓர் எந்திரத்துக்கு 40 பேர் வேண்டும்.

இனி தூரம். தோல் குழாய் 50 அடித் துண்டுகளாக வரும். துணிபோலத் தைத்தால் அழுத்தத்தில் தையல் பிரிந்துவிடும் என்பதால், தோலின் இரு விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் செம்பு ஆணி அடித்து இறுக்குவார்கள். இந்த முறை பிலடெல்பியாவின் குழாய்க் குழுவினர் 1800களின் முதல் பத்தாண்டில் கண்டது. ஆற்றிலிருந்து 1,000 அடி உள்ளே தண்ணீர் போக வேண்டுமென்றால் 20 துண்டு. உராய்வில் அழுத்தம் குறைவதால் ஒரே எந்திரம் அவ்வளவு தூரம் தள்ளாது. சுமார் 200 அடிக்கு ஒன்றாக எந்திரங்களை வரிசையில் நிறுத்தி, முதல் எந்திரம் இரண்டாவதின் பெட்டிக்குள் ஊற்ற, இரண்டாவது மூன்றாவதுக்கு அனுப்ப வேண்டும். ஆறு எந்திரம், 240 பேர். கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு பீச்சு. நகரத்தின் தன்னார்வலர் மொத்தம் சுமார் 1,500 பேர். எல்லாரும் வந்து, யாரும் சோராமல் இருந்தாலும் இப்படி ஆறு வரிசைதான் தேறும். எரிந்ததோ 17 வட்டாரம்.

வரிசையில் நிற்கும்போது குழுக்களுக்கு ஒரு பெருமைப் பிரச்சினை உண்டு. பின்னால் இருக்கும் எந்திரம் அனுப்புகிற தண்ணீரை முன்னால் இருப்பது அதே வேகத்தில் வெளியேற்ற முடியாவிட்டால், பெட்டி நிரம்பித் தெருவில் வழியும். அந்த எந்திரம் 'கழுவப்பட்டது' என்பார்கள். ஒரு முறையும் கழுவப்படாத எந்திரம் என்பது குழுவுக்குப் பட்டம் போல. வண்டிப் பெட்டியின் விளிம்பில் தண்ணீர் வழிவதை ஓர் ஓவியர் காட்டியிருந்தால், தொழில் தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார் என்று கொள்ளலாம். தெரியாதவர் சக்கரத்தடியில் ஈரத்தை மட்டும் தீட்டுவார்.

இந்த ஏற்பாடு முழுவதும் தண்ணீர் நிற்காமல் ஓடுவதை நம்பியிருக்கிறது. மைனஸ் 27 டிகிரியில் ஒரு கண்ணி நின்றால் மொத்த வரிசையும் போச்சு. ஆள் மாற்றும் இடைவெளியில் குழாயில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். முதலில் பித்தளை இணைப்பில்தான் உறையும், உலோகம் வெப்பத்தை வேகமாக இழப்பதால். இணைப்பில் பனிக்கட்டி வளர்ந்து துவாரம் குறுகும். பின்னால் அழுத்தம் ஏறும். ஆணித் தையல் பிளக்கும். பிளந்த துண்டைக் கழற்ற முடியாது, இணைப்பின் திருகும் உறைந்திருக்கும். குழாயைச் சுருட்டி எடுக்கவும் முடியாது, கட்டை போல விறைத்து நிற்கும். மடித்தால் தோல் விரியும். சரியான வழி, அணைக்க எதுவும் இல்லாவிட்டாலும் பம்பை மெதுவாக ஓட்டிக்கொண்டே இருப்பது. நிறுத்தத்தான் வேண்டுமென்றால் உடனே ஒவ்வொரு துண்டாகத் தூக்கி வடித்துவிடுவது. களைத்த கைகளால் இது நடக்காது. அன்று எந்திரங்கள் உறையாமல் இருக்க பிராந்தியை ஊற்றினார்கள், பூட்ஸுக்குள்ளும் ஊற்றிக்கொண்டார்கள் என்று அக்கால விவரிப்புகள் சொல்கின்றன. பீச்சிய தண்ணீரோ எதிர்க்காற்றில் சிதறி, பனித்துகளாக அவர்கள் முகத்திலேயே வந்து விழுந்தது.

வெடிமருந்து

தண்ணீரால் ஆகாது என்று தெரிந்ததும் மிஞ்சிய வழி, தீ வருவதற்கு முன்பே கட்டடங்களைத் தகர்த்து இடைவெளி உண்டாக்குவது. இதற்கு மேயரின் ஆணையும் நகரமன்ற உறுப்பினர்கள் இருவரின் ஒப்புதலும் சட்டப்படி வேண்டும். மருந்தும் கையில் இல்லை. நகரத்துக்குள் வெடிமருந்து சேமிக்கத் தடை. புரூக்ளின் கடற்படைத் தளத்திலிருந்து மரைன் வீரர்களும் மாலுமிகளும் பனி மிதக்கும் ஆற்றைக் கடந்து பீப்பாய்களைக் கொண்டுவந்தார்கள். தெருவில் பொறி மழை. பீப்பாய்களைப் போர்வையால் மூடித் தூக்கினார்கள். தகர்ப்பு வேலையில் முன்நின்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹாமில்டன். சில தெரு தள்ளி உடைந்து கிடந்த சிலைக்கு உரியவரின் மகன்.

இது முரட்டுத்தனமான வேலை போலத் தோன்றினாலும் அளவு தப்பக் கூடாது. மருந்தை நிலவறையில், தாங்கு சுவருக்கு அருகே வைக்க வேண்டும். கட்டடம் உள்நோக்கிச் சரிந்து நிலவறையில் நிரம்ப வேண்டும். அப்போது தீக்குக் கிடைப்பது உயரமில்லாத ஒரு குப்பைமேடு. சுவர்கள் புகைபோக்கி போலக் காற்றை இழுக்காது, எதிர்க் கட்டடத்தின்மேல் படும் அனலும் குறையும். மருந்து போதாவிட்டால் சுவர் நிற்கும், ஜன்னலும் கூரையும் மட்டும் பறக்கும். நல்ல அடுப்பு தயார். தீக்கு மிக அருகில் செய்தாலும் பயனில்லை, இடிந்த மரம் அடுத்த கணமே பற்றிக்கொள்ளும். ஒரு வரிசைக் கட்டடத்தை முழுதாக விட்டுக்கொடுக்கும் துணிச்சல் வேண்டும். விடியற்காலையில் அந்தத் துணிச்சல் வந்தபோதுதான் தீ நின்றது. தகர்க்கப்பட்ட கட்டடங்களுக்கும் அவற்றில் இருந்த சரக்குக்கும் நகரம் ஈடு கொடுக்க வேண்டுமா என்ற வழக்குகள் அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் நடந்தன.

தகர்ப்பைக் காட்டும் படங்களில் கவனிக்க வேண்டியது வெடிப்பின் ஒளி அல்ல. தரைமட்டமான இடைவெளி எங்கே இருக்கிறது, அது காற்றின் திசைக்குக் குறுக்கே கிடக்கிறதா என்பதே.

நான்கு நாளில் ஒரு படம்

தீ அடங்கிய நான்கே நாளில் நத்தானியேல் கரியர் என்ற இளம் அச்சகக்காரர் வணிகர் மாளிகையின் இடிபாட்டைக் கல்லச்சுப் படமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். வரைந்தவர் ஜான் பஃபர்ட். செய்தியும் படமும் ஒன்றாகச் சூடாக விற்கும் என்று அமெரிக்காவில் நிரூபித்தவற்றில் இது முன்வரிசைப் படம். 1840 ஜனவரியில் லெக்சிங்டன் நீராவிக் கப்பல் எரிந்தபோது அவர் இதே வேகத்தில் செய்த படம் அவரை நாடறியச் செய்தது.

நான்கு நாளில் எப்படி முடிந்தது, காலியோ–பென்னட் படங்களுக்கு ஏன் மாதங்கள் ஆயின? தொழில்முறையின் வேறுபாடுதான். கல்லச்சில், மெருகேற்றிய சுண்ணக்கல்லின்மேல் கொழுப்புக் கலந்த கரிக்கோலால் நேராக வரைகிறார்கள். பிறகு நீர்த்த அமிலமும் பிசினும் கலந்து தடவி, கல்லை நனைக்கிறார்கள். கோடுள்ள இடம் நீரைத் தள்ளி மையை ஏற்கும். மற்ற இடம் நீரைப் பிடித்து மையைத் தள்ளும். ஓவியர் ஒரு நாளில் வரைந்துவிட்டால் மறுநாளே அச்சு ஓடலாம். அக்வாடின்டில், செம்புத் தகட்டின்மேல் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் முக்குகிறார்கள். தூளின் இடுக்கில் அமிலம் அரித்த குழிகளில் மை தங்கும். வெளிறிய வானத்துக்கு ஒரு முக்கு. அந்த இடத்தை மூடிவிட்டு அடுத்த கருமைக்கு இன்னொரு முக்கு. இப்படிப் படிப்படியாக இருட்டு ஏறும். புகையும் இரவு வானமும் இதில் வருகிற மாதிரி கல்லச்சில் வராது. தீப் படத்துக்கு அக்வாடின்ட் பொருத்தம், தீச் செய்திக்குக் கல்லச்சு பொருத்தம்.

வேகம் கூடும்போது சான்றுமதிப்பு குறைகிறது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. கரியரின் படம் காட்டுவது இடிபாடு; அது மறுநாளும் அங்கேயே நின்றது, ஓவியர் நின்று நிதானமாகப் பார்த்து வரையலாம். பென்னட்டின் படம் காட்டுவதோ சில மணி நேரமே இருந்த ஓர் இரவு. கட்டடத்தின் தூண், சிதைந்த சுவர் ஆகியவற்றுக்கு விரைவுப் படத்தையும், தீயின் பரப்புக்கும் திசைக்கும் மெதுவாக வந்த படத்தையும் நம்புவது நல்லது.

படத்தைச் சோதிப்பது

கையில் இருப்பது மூலமா மறுபதிப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். கல்லச்சில் கரிக்கோலின் ஒழுங்கற்ற துகள்கள் தெரியும். அக்வாடின்டில் வெள்ளைத் தீவுகளைச் சுற்றி வலைபோல மை ஓடும். தாளில் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் நான்கு பக்கமும் இருக்கும், விரலால் தடவினாலே தட்டும். ஒழுங்கான வரிசையில் நிறப்புள்ளிகள் ரோஜா இதழ்போலச் சேர்ந்து தெரிந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் ஆஃப்செட் இயந்திர அச்சு. பழைய படங்களில் வண்ணம் கையால் பூசியது. கோட்டை மீறிக் கொஞ்சம் வழியும், தாளின்மேல் தனிப் படலமாக நிற்கும்.

அடுத்து, கீழ் ஓரத்து எழுத்து. என். கரியர் என்று மட்டும் இருந்தால் 1857க்கு முன். கரியர் அண்ட் ஐவ்ஸ் என்றிருந்தால் அதற்குப் பின். 'காங்கிரஸ் சட்டப்படி பதிவு' என்ற வரியில் வரும் ஆண்டு பதிப்புரிமை பெற்ற ஆண்டு. நிகழ்வின் ஆண்டாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறகுதான் படத்துக்குள்ளே போக வேண்டும். 1835 என்று சொல்லப்படும் படத்தில் தீயணைப்பாளர்கள் சிவப்புச் சட்டை அணிந்திருந்தால் சந்தேகப்படலாம். நியூயார்க் குழுக்களில் அந்த உடை 1840 வாக்கில்தான் பரவத் தொடங்கியது. எந்திரத்தைக் குதிரை இழுத்தால் பெரும் சந்தேகம். காலரா பரவிய 1832இல் ஆள் கிடைக்காமல் ஓர் ஏணிக் குழு குதிரையை வைத்துக்கொண்டதைப் போன்ற விதிவிலக்கு தவிர, அக்காலத்தில் நீண்ட கயிற்றைப் பிடித்து மனிதர்களே இழுத்தார்கள். நீராவி பம்ப் தெரிந்தால் படம் 1835 அல்லவே அல்ல. பால் ஹாட்ஜின் நீராவி எந்திரம் நியூயார்க்கில் சோதிக்கப்பட்டது 1841இல். வணிகர் மாளிகை குவிமாடம் கொண்ட பளிங்குக் கட்டடமாக இருக்க வேண்டும். நீண்ட கருங்கல் தூண்வரிசை தெரிந்தால் அது கட்டடக் கலைஞர் ஐசயா ராஜர்ஸ் பிறகு அதே இடத்தில் கட்டியது, இன்றும் வால் தெரு 55ஆம் எண்ணில் நிற்பது.

அதிகம் குழப்பப்படுவது 1845 ஜூலை 19 தீ. அதே வட்டாரம், கிட்டத்தட்ட அதே தெருக்கள், கரியரின் படமும் உண்டு. அப்போது எரிந்தவை 345 கட்டடங்கள். வெடியுப்புக் கிடங்கு வெடித்தது. இறந்தவர்கள் 30 பேர், அவர்களில் நால்வர் தீயணைப்பாளர்கள். தலைப்பு வெட்டப்பட்ட பிரதியில் இரண்டையும் பிரிக்க எளிய வழி பருவம்தான். மேலங்கி, கழுத்துத் துணி, தரையில் பனி: 1835. திறந்த ஜன்னல், சட்டைக் கை மடித்த கூட்டம்: 1845. இடைப்பட்ட பத்தாண்டில் தண்ணீரும் மாறிவிட்டது. 41 மைல் நீளமுள்ள குரோட்டன் கால்வாய் 1842இல் திறக்கப்பட்டது. அதன்பின் தெருமுனைக் குழாயிலிருந்து எந்திரத்துக்கு நேராக நீர் வரும். ஆற்றை நோக்கி நீளும் எந்திர வரிசை ஒரு படத்தில் இருக்கிறதா, தெருமுனைக் குழாய் இருக்கிறதா என்பது ஆண்டைச் சொல்லும் நல்ல குறி.

தன்னார்வலர்கள் தங்களைப் பார்த்த விதம்

இந்தக் குழுக்களுக்குச் சம்பளம் கிடையாது. ஜூரி கடமையிலிருந்தும் படைப்பயிற்சியிலிருந்தும் விலக்கு மட்டும் உண்டு. எந்திரம் நகரத்தினுடையது, அதன்மேல் தீட்டிய ஓவியமும் பித்தளை அலங்காரமும் குழுவின் சொந்தச் செலவு. தலைமைப் பொறியாளர் என்ற பதவிப்பெயரில் வரும் பொறியாளர், கட்டுமானம் படித்தவர் அல்ல. எந்திரங்கள் அனைத்துக்கும் களத்தில் தலைவர். 1835இல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஜேம்ஸ் குலிக். பெருந்தீக்குப் பிறகு பழி தேடியபோது அது அவர்மேல் விழுந்தது. 1836 மே மாதம் ஒரு தீயை அணைத்துக்கொண்டிருந்த வேளையில் அவர் நீக்கப்பட்ட செய்தி களத்துக்கு வந்தது. அவர் தொப்பியைத் திருப்பி அணிந்தார். குழுக்கள் வேலையை நிறுத்தின. பிறகு நூற்றுக்கணக்கானோர் கூட்டாக விலகினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வாக்காளர்கள் குலிக்கை நகரப் பதிவாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உறைந்த இரவில் வேலை செய்தவர்கள்மேல் நகரத்துக்கு இருந்த நன்றி அப்படி வெளிப்பட்டது. அது நியாயமான நன்றி என்றே நமக்குத் தோன்றுகிறது. தண்ணீர் ஏற்பாடு செய்யாத குற்றம் எந்திரம் தள்ளியவர்களுடையது அல்ல.

இருபது ஆண்டு கழித்து 1854இல் கரியர் வெளியிட்ட 'தீயணைப்பாளரின் வாழ்க்கை' வரிசை நான்கு படங்கள் கொண்டது: இரவு அபாய மணி, ஓட்டப் பந்தயம், தீ, இடிபாடு. வரைந்தவர் ஜெர்மனியில் பிறந்த லூயி மௌரர். சுவரில் மாட்டுவதற்கென்றே பெரிய அளவில் அச்சிட்டார்கள். வாங்கியவர்களில் தீயணைப்பாளர்களும் நிறையப் பேர். தப்பு இருந்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் கருவிகள் இவ்வளவு துல்லியம். கொட்டகையிலிருந்து கயிற்றை இழுத்து ஓடுபவர்களின் உடல் சாய்வு, முன்னால் ஓடும் தலைவர் கையில் பித்தளை ஊதுகுழல் (சத்தத்தில் ஆணை கேட்பதற்கு), கழுத்துக்குப் பின்னால் நீண்டு தண்ணீரை முதுகில் விடாமல் வடிக்கும் தோல் தலைக்கவசம், நெற்றியில் எண்.

இந்த வரிசை மறைப்பதும் உண்டு. பந்தயத்தைக் காட்டுகிறது, பந்தயத்தில் தோற்ற குழு தெருக்குழாயைப் பிடிக்க அடிதடியில் இறங்கியதைக் காட்டவில்லை. நெம்புகோலில் ஆட்கள் நெருக்கமாக நிற்கிறார்கள். மாற்று ஆட்கள் படத்தில் குறைவு. ஆனாலும் நான்காவது படத்தை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தீ அணைந்த காலை. குழாயை எடுத்துக் கிளம்பும் நேரம். தோல் குழாய் வைத்திருந்த எந்தக் குழுவுக்கும் வேலை முடிந்தது இங்கே அல்ல. கொட்டகைக்குப் போனதும் ஒவ்வொரு துண்டையும் கழுவி, தொங்கவிட்டு உலர்த்தி, கொழுப்பெண்ணெய் தேய்க்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்து, அடுத்த தீயில் ஆணி வரிசையிலேயே கிழியும். எண்ணெய் இறங்காத தோல்தான் குளிரில் முதலில் விறைக்கிறது.

1861இல் அதே வரிசையில் சேர்ந்த படத்தின் பெயரில் நீராவியும் தசையும் சேர்ந்து வருகின்றன: கை எந்திரமும் நீராவி எந்திரமும் ஒரே களத்தில். 1865 மார்ச்சில் வந்த சட்டம் நியூயார்க்கின் தன்னார்வக் குழுக்களுக்குப் பதில் சம்பளத் துறையை வைத்தது. 1866இன் படத்தில் எந்திரத்தை இழுப்பது குதிரைகள். கைப்பிடி இல்லை, கயிறு இல்லை.